முதல் குரலுக்கு ஒரு ஸ்டார்

எனக்குத் தமிழ் நன்றாக வரும் என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் பிறந்து வளர்ந்தவள் நான். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ், கறிக்கடையில் உருது. எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்த்தே எங்கள் வாய் மொழியை மாற்றிக்கொள்ளும், அதற்காக யாரும் இங்கே எங்களுக்கு மெடல் குத்துவதில்லை. ஆனால் நான் வேலை பார்க்கும் மனநல மருத்துவத் துறையில் அது மெடலாகத்தான் இருந்தது. தமிழ்க் குடும்பம் ஏதாவது வந்தால் மற்ற டாக்டர்கள் தடுமாறுவார்கள். "மேடத்துகிட்ட அனுப்புங்க" என்பார்கள். அனுப்பட்டும் என்றுதான் நானும் காத்திருப்பேன்.

அந்தக் கர்வம் ஒரு எட்டு வயதுப் பெண் குழந்தையை என்ன பாடு படுத்தியது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. சொல்லாமல் இருந்தும் பார்த்தேன், அது இன்னும் மோசமாக இருந்தது.

என் ஆராய்ச்சி குழந்தைகளின் கவனக்குறைவைப் பற்றியது. ஓரிடத்தில் உட்கார முடியாமல் தவிக்கிற குழந்தைகள், உட்கார்ந்தாலும் மனசு வேறெங்கோ போய்விடுகிற குழந்தைகள். இவர்களை வீடியோ காலிலேயே பரிசோதித்து, வீடியோ காலிலேயே பெற்றோருக்குப் பயிற்சியும் கொடுத்துவிட முடியுமா என்று பார்ப்பது எங்கள் வேலை. காரணம் ரொம்ப நியாயமானது. ஊர்க்கோடியில் பொம்மசந்திராவில் கம்பெனி வேலைக்குப் போகிற ஒரு அம்மா குழந்தையைக் கூட்டிக்கொண்டு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டுமென்றால், அப்போது அந்தப் பக்கம் மெட்ரோ கிடையாது, ஓசூர் ரோட்டு நெரிசலில் போக வர ஒரு முழு நாள் போய்விடும். லீவு போட்டால் அன்றைய சம்பளமும் போகும். இரண்டு தடவை வருவார்கள், மூன்றாம் தடவை வரமாட்டார்கள். நாங்கள் ஃபைலில் 'தொடர்ந்து வரவில்லை' என்று எழுதி வைத்து அவர்கள் மேல் பழியைப் போடுவோம். இதெல்லாம் போனிலேயே முடிந்துவிட்டால் எவ்வளவு நல்லது என்று போகிற இடமெல்லாம் வாய் கிழியப் பேசினேன். இப்போதும் அது நல்ல யோசனை என்றே நினைக்கிறேன். யோசனையின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

முதலில் கேள்வித்தாளைத் தமிழாக்க வேண்டியிருந்தது. ஒரு மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து வாங்கினோம். வந்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. 'நேரடியாக உரையாடுகையில் குழந்தை செவிமடுப்பதில்லை' என்று ஒரு வரி. எந்த வீட்டில் ஐயா, யார் செவிமடுக்கிறார்கள்? துறையில் எல்லோருக்கும் படித்துக் காட்டிச் சிரித்தேன். பிறகு சிவப்புப் பேனாவால் அந்த வரியை அடித்துவிட்டு, 'பேசும்போது குழந்தை கேட்பதில்லை' என்று எழுதினேன். வாய்க்குச் சுகமாக இருந்தது.

எங்கள் குழுவில் களப்பணிக்கு ஒரு பெண் இருக்கிறாள். தொம்மலூர் பழைய ஊருக்குள் பிறந்தவள், ஒரே மூச்சில் பாதி தமிழும் பாதி கன்னடமும் பேசுவாள். வீடு வீடாகப் போய்ப் படிவங்களில் கையெழுத்து வாங்குவதும், போனில் வீடியோ எப்படிப் போடுவது என்று அம்மாக்களுக்குச் சொல்லிக் கொடுப்பதும் அவள் வேலை. திருத்திய தாளை அவளிடம் காட்டினேன். அவள் படித்துவிட்டு, "மேடம், கேக்கலன்னா காது கேக்கலன்னும் எடுத்துக்குவாங்க இல்ல?" என்றாள்.

"அதெல்லாம் சொல்ற விதத்துலயே தெரிஞ்சிடும்மா" என்றேன். குரலில் கொஞ்சம் எரிச்சலும் இருந்திருக்கும். தமிழை எனக்கு இவள் சொல்லித்தர வந்துவிட்டாளா என்ற எரிச்சல்.

"ஆயித்து மேடம்" என்று கன்னடத்தில் சரி சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். அந்தத் தாள் இன்னும் ஃபைலில் இருக்கிறது. செவி என்ற சொல்லின் மேல் ஓடுகிற சிவப்புக் கோடு என்னுடையது.

இன்னொன்றும் செய்தேன். ஒரு குழந்தைக்குக் கவனக்குறைவு என்று முடிவு செய்வதற்கு முன்னால் காதையும் கண்ணையும் சோதிக்க வேண்டும். இது மருத்துவக் கல்லூரிப் பாடம், எங்கள் திட்டத்திலும் எழுதியிருந்தது. பக்கத்திலுள்ள கிளினிக்கில் காட்டி ஒரு சீட்டு வாங்கி அனுப்பச் சொல்வோம். அந்தச் சீட்டுக்காகவே அம்மாக்கள் கழன்றுகொண்டார்கள். சேர்கிறவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். ஒரு நாள் கூட்டத்தில் நான்தான் எழுந்து, "வீடியோவில் நாம் கேட்பதற்குக் குழந்தை பதில் சொல்கிறதே, காது நன்றாக இருக்கிறதென்று அதிலேயே தெரியாதா?" என்றேன். தலைமைப் பேராசிரியர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சரி என்றார். அதற்கப்புறம் அந்தக் கட்டத்தில் 'இயல்பு' என்று டிக் அடிப்பது ஒரு நொடி வேலை. அம்மாக்கள் மேல் இருக்கிற இரக்கத்தால்தான் இதைச் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி இரக்கம்தான். மீதி பாதி எண்ணிக்கை.

அந்தக் குழந்தை மூன்றாம் வகுப்பு. அம்மா தர்மபுரிப் பக்கம், மருந்து கம்பெனியில் பேக்கிங் வேலை. அப்பா ஓசூரில் லோடு வண்டி ஓட்டுகிறார், வாரம் ஒருமுறை வருவார். வரிசை வீடுகளில் ஒற்றை அறை. 'வகுப்பில் கவனமே இல்லை' என்று டீச்சர் டைரியில் திரும்பத் திரும்ப எழுதி அனுப்பியதில் பயந்துபோய் அம்மா எங்கள் ஆராய்ச்சியில் சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வீடியோ கால். அரிசி டப்பாவில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு இரண்டு பேரும் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் ஃபேன் கடகடவென்று ஓடியது, பக்கத்து வீட்டு டிவி அதற்குமேல் கத்தியது.

"பேசும்போது பாப்பா கேக்குமா?" என்று கேட்டேன்.

"எங்க மேடம், கேக்கவே மாட்டேங்குது. ரெண்டு தடவ மூணு தடவ கத்தணும்."

'அடிக்கடி' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். முன்பு வந்த நோய்கள் என்ன என்று கேட்டபோது, "ஒண்ணாங்கிளாஸ்ல பொன்னுக்கு வீங்கி வந்துச்சு மேடம். பக்கத்து வீட்டு அக்காகிட்ட செயின் கேட்டு வாங்கிக் கழுத்துல போட்டுவிட்டேன்" என்றார். எனக்கும் சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்திருக்கிறது, என் கழுத்திலும் செயினைப் போட்டிருக்கிறார்கள். அதைச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார், நானும் சிரித்தேன். பார்த்தாயா, இந்த நெருக்கம் வேறு எந்த டாக்டருக்கு வரும் என்று உள்ளுக்குள் என்னை நானே தட்டிக்கொடுத்தேன். படிவத்தில் 'குணமானது' என்று எழுதினேன்.

பிறகு குழந்தையோடு பேசினேன். நான் பேச ஆரம்பித்ததும் முகத்தை இடது பக்கமாகத் திருப்பிக்கொண்டது. பதில் சொல்லும்போது ஒரு நொடி என்னைப் பார்க்கும், நான் அடுத்த கேள்வியைத் தொடங்கியதும் மறுபடி அந்தப் பக்கம் திரும்பிவிடும். "இங்க பாரு கண்ணு, ஆண்ட்டியப் பாரு" என்று எத்தனையோ தடவை சொன்னேன். பார்க்கும், திரும்பும். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு கன்னமும், ஒரு காதும், அந்தக் காதில் சின்ன சிவப்புக்கல் கம்மலும்தான். 'திரையில் கவனம் நிற்பதில்லை' என்று குறித்துக்கொண்டேன். டீச்சர் சொன்னதும் அம்மா சொன்னதும் நான் பார்த்ததும் அச்சாகப் பொருந்தின.

இரண்டாவது காலில் முடிவைச் சொன்னேன். "பாப்பாவுக்குக் கவனக்குறைவு இருக்குதும்மா."

அம்மாவின் முகம் சுருங்கிப்போனது. "நான் சரியா கவனிக்கலன்றீங்களா மேடம்? ஷிப்டுக்குப் போயிடறேன், அதான்..." என்றார். பேப்பரில் 'டிரைவரின் கவனக்குறைவால் விபத்து' என்று போடுவார்களே, அந்த அர்த்தத்தில் எடுத்துக்கொண்டார். இல்லைம்மா, இது உங்க தப்பு இல்ல, இது ஒரு கண்டிஷன் என்று விளக்கினேன். அன்று மாலை துறையில் டீ குடிக்கும்போது இதையும் வேடிக்கையாகச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள்.

பயிற்சியில் முக்கியமானது ஒரு சார்ட். காலண்டர் மாதிரி கட்டம் போட்ட தாள். நாளுக்கு ஒரு கட்டம். அம்மாவுக்கு நான் சொன்ன விதி இதுதான்: ஒரே ஒரு தடவைதான் கூப்பிட வேண்டும், கத்தக் கூடாது. முதல் குரலுக்கே குழந்தை வந்துவிட்டால் ஒரு ஸ்டார் ஸ்டிக்கர். வரவில்லையென்றால் திட்ட வேண்டாம், அடிக்க வேண்டாம், அன்றைக்கு ஸ்டார் இல்லை, அவ்வளவுதான். ஏழு ஸ்டார் சேர்ந்தால் ஞாயிற்றுக்கிழமை பானிபூரி. பள்ளிக்கும் ஒரு கடிதம் கொடுத்தேன். சன்னல் பக்கம் உட்கார வைத்தால் வேடிக்கை பார்ப்பாள், முன் பெஞ்சில் சுவரை ஒட்டி உட்கார வையுங்கள் என்று எழுதியிருந்தேன். டீச்சர் அப்படியே செய்தார். நான் சொன்னதை அந்த வீட்டிலும் பள்ளியிலும் எழுத்துப் பிசகாமல் செய்தார்கள். அதைவிட மோசமாக அவர்கள் எதுவும் செய்திருக்க முடியாது.

முதல் மாதம் சார்ட்டில் பாதிக்குமேல் கட்டங்கள் காலி. "மனசு கேக்கல மேடம், ஆனா நீங்க சொன்னீங்கன்னு குடுக்கல" என்றார் அம்மா. "அதுதான் சரி, விட்டுக் குடுக்காதீங்க" என்றேன். பானிபூரி வண்டி தெருவுக்குள் வந்தால் குழந்தை உள்ளே போய்ப் படுத்துக்கொள்கிறது என்றும் ஒரு தடவை சொன்னார். நான் அதைக் குறிக்கவில்லை, அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

மூன்றாம் மாதம் எல்லாம் மாறியது. "இப்பல்லாம் ஒரே குரல்ல வந்துடுது மேடம். வெளியில வெளையாடக் கூடப் போறதில்ல. நான் சமைக்கறப்ப எதுக்கால உக்காந்துக்கிட்டு என் வாயையே பாத்துக்கிட்டு இருக்குது" என்றார். மாதக் கடைசியில் சார்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினார். ஒரு கட்டம் விடாமல் ஸ்டார். 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதினேன். துறைக் கூட்டத்தில் பேசும்போது முதல் மாத சார்ட்டையும் மூன்றாம் மாத சார்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் திரையில் போட்டேன். பெயரை மறைத்துவிட்டுத்தான். கைதட்டல் வந்தது. அம்மா சொன்ன அந்த வரியைக்கூட நான் அங்கே சொன்னேன், வாயையே பார்த்துக்கொண்டு இருக்கிறது என்று. அறையில் இருந்தவர்கள் எல்லோரும் டாக்டர்கள். ஒருவருக்கும் எதுவும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றாதது அவர்களுக்குத் தோன்றவில்லை என்று குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

கடைசிக் கையெழுத்து வாங்கத் தொம்மலூர்ப் பெண் அந்த வீட்டுக்குப் போனாள். அங்கிருந்து எனக்குப் போன் செய்தாள். "பாப்பாகிட்ட ரெண்டு வார்த்தை பேசுங்க மேடம்" என்று சொல்லிவிட்டுக் கொடுத்தாள். நான் "எப்படி இருக்க கண்ணு?" என்றேன். பதில் இல்லை. மறுபடியும் கேட்டேன். ஏதோ உராய்கிற சத்தம், அப்புறம் "ஹலோ ஆண்ட்டி" என்ற குரல். ஸ்கூலைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். பத்து நிமிடம் கழித்து அவளே தெருவுக்கு வந்து மறுபடி கூப்பிட்டாள்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. நான் போன அந்தப் பாப்பா லெஃப்ட் காதுலதான் வெச்சேன். நீங்க பேசறீங்க, அது சும்மா என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்குது. அப்புறம் அதுவே போன வாங்கி ரைட் காதுக்கு மாத்திக்கிச்சு. நான் வேணும்னே லெஃப்ட் பக்கம் போயி ரகசியம் மாதிரி பேசிப் பாத்தேன் மேடம். அந்தக் காது சுத்தமா கேக்கல."

கேக்கல. அவள் அந்தச் சொல்லைச் சொன்ன விதத்திலேயே தெரிந்துவிட்டது.

அன்று மத்தியானம் சாப்பிடப் போகவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு முதல் வீடியோ காலின் பதிவை எடுத்துப் போட்டேன். அந்தச் சிவப்புக்கல் கம்மல் வலது காதில் இருந்தது. அடுத்த காலைப் போட்டேன், வலது காது. அதற்கடுத்ததும் வலது காது. குழந்தை முகத்தைத் திருப்பவில்லை, தனக்குக் கேட்கிற காதை எனக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. நான் பேச ஆரம்பித்த ஒவ்வொரு தடவையும், அந்த ஃபேன் சத்தத்திலும் டிவி சத்தத்திலும் என் ஒரு வார்த்தையைக்கூட விட்டுவிடக் கூடாதென்று காதை நீட்டியிருக்கிறது. என் ஆராய்ச்சியில் அதைவிடக் கவனமாக இருந்த குழந்தை வேறு இல்லை. அதைத்தான் கவனம் நிற்பதில்லை என்று எழுதியிருக்கிறேன்.

அதைவிடப் பெரிய அடி இன்னொன்று இருந்தது. அம்மா பேசியதை மறுபடி ஓட்டினேன். "ரெண்டு தடவ மூணு தடவ கத்தணும். இந்தப் பக்கமா நின்னு கூப்ட்டா..." என்று அவர் கையைக் காட்டிச் சொல்ல ஆரம்பிக்கிறார். கையைத் தன் இடது காதுப் பக்கம் கொண்டுபோகிறார். அங்கே என் குரல் குறுக்கே பாய்கிறது. "சரிம்மா, கேக்க மாட்டேங்குது. அடிக்கடியா, எப்பவாச்சுமா?" அவர் கையை இறக்கிவிட்டு, "அடிக்கடிதான் மேடம்" என்கிறார். இந்த இடம் எனக்கு ஞாபகமே இல்லை. அந்த அவசரக் குரலைக் கேட்டபோது என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

பொன்னுக்கு வீங்கி சில குழந்தைகளுக்கு ஒரு பக்கக் காதை அடித்துவிட்டுப் போய்விடும். இது அபூர்வமான விஷயம்தான், ஆனால் நாங்கள் பரீட்சைக்குப் படித்தது. அதைக் கேட்டபோது நான் செயினைப் பற்றிச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாளே எங்கள் ஆஸ்பத்திரியில் காது சோதனைக்கு ஏற்பாடு செய்தேன். அம்மா லீவு போட்டுவிட்டுக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்தார். அன்றைக்கு நான் எனக்கு மீட்டிங் இருப்பதாகச் சொல்லச் சொல்லிவிட்டு மாடியிலேயே உட்கார்ந்திருந்தேன். மீட்டிங் எதுவும் இல்லை. கீழே அவர்கள் போவதைச் சன்னல் வழியாகப் பார்த்தேன். குழந்தை அம்மாவின் இடது கையைப் பிடித்துக்கொண்டு நடந்தது, கேட்கிற காது அம்மாவின் பக்கம் இருக்கும்படி. இத்தனை மாதத்தில் அதை முழு உருவமாக நான் பார்த்தது அன்றுதான், அதுவும் ஒளிந்துகொண்டு.

ரிப்போர்ட் தெளிவாக இருந்தது. இடது காதில் கேட்கும் திறன் அறவே இல்லை, இனி வரவும் வராது. வலது காது மிக நன்றாக இருக்கிறது. சத்தமான இடத்தில் சிரமப்படும், எந்தப் பக்கத்திலிருந்து கூப்பிடுகிறார்கள் என்று தெரியாது, மற்றபடி சரியான இடத்தில் உட்கார வைத்தாலே போதும். சோதித்தவர் அம்மாவிடம் அவ்வளவையும் சொல்லியிருந்தார். பள்ளியில் அது எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டுப் பார்த்தேன். முன் பெஞ்சு, வலது கோடி. கேட்கிற காது சுவரைப் பார்த்து, கேட்காத காது வகுப்பைப் பார்த்து. என் கடிதம் போட்ட இடம். டீச்சருக்குப் புதிய கடிதம் அன்றே போய்விட்டது, கடிதம் எழுதுவது எனக்குச் சுலபம். பழைய படிவங்களை எடுத்து மறுபடி கணக்குப் போட்டுப் பார்த்தேன். காதை ஒதுக்கிவிட்டால் அங்கே கவனக்குறைவு என்று சொல்ல ஒன்றுமே மிச்சமில்லை. குழந்தையிடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

பேராசிரியரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. என்னோடு சேர்ந்து வருத்தப்பட்டார், காது சோதனைச் சீட்டு இல்லாமல் இனி யாரையும் சேர்க்க வேண்டாம் என்றார், இந்தக் குழந்தையைக் கணக்கிலிருந்து எடுத்துவிடச் சொன்னார். பிறகு, "அந்த அம்மாவுக்குப் போன்லயே சொல்லிடுங்களேன். லீவு போட வேண்டாம் பாருங்க" என்றார். நான் ஊர் முழுக்கப் பேசிய பேச்சுதான், எனக்கே திரும்பி வந்தது.

காது கேட்கவில்லை என்று அந்த அம்மாவுக்குத் தெரியும். ஆனால் இத்தனை மாதம் நான் சொன்னதெல்லாம் தப்பு, நான் வைத்த நோய்ப் பெயரும் தப்பு, அந்த சார்ட்டும் தப்பு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவள் நான் ஒருத்திதான். சொல்லாவிட்டால் அந்தக் குழந்தை அம்மாவின் வாயைப் பார்த்துக்கொண்டே வளரும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புதிதாக வந்த மெட்ரோவில் பொம்மசந்திரா போனேன். வழியெல்லாம் சொல்ல வேண்டிய வாக்கியத்தை ஒத்திகை பார்த்தேன். 'பரிசோதனையின்போது ஒரு விஷயம் கவனிக்கப்படாமல் போய்விட்டது.' நல்ல தமிழ். யார் கவனிக்கவில்லை என்று அதில் எங்கேயும் வராது. செய்தவரைச் சொல்லாமலே வாக்கியத்தை முடித்துவிடுகிற வசதி நம் மொழியில் இருக்கிறது, அதை எனக்கு நன்றாகவே பயன்படுத்தத் தெரியும்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா பதறிப்போனார். பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார், பக்கத்து வீட்டுக் குழந்தையை அனுப்பி பிஸ்கட் வாங்கி வரச் சொன்னார். "மேடம், நீங்களே வந்துட்டீங்களா" என்று நான்கு தடவை சொன்னார். நான் ஒத்திகை பார்த்த வாக்கியத்தைச் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார். நான் குறுக்கிட்ட மாதிரி அவர் குறுக்கிடவில்லை.

"நான்தான் மேடம் அன்னிக்கே வெவரமா சொல்லல. கேக்கல கேக்கலன்னே சொல்லிக்கிட்டு இருந்தேன். காதுன்னு எடுத்துச் சொல்லத் தெரியல. என்னாலதான் உங்களுக்கு இவ்ளோ அலைச்சல்" என்றார்.

நான் சொன்னேன்: "பரவால்லைங்க."

வாயில் தானாக வந்துவிட்டது. யாராவது மன்னிப்புக் கேட்கிற தொனியில் பேசினால் நமக்கு வருகிற வார்த்தை. ஆனால் அதன் அர்த்தம், நான் அவரை மன்னித்துவிட்டேன் என்பது. அவர் முகம் தெளிந்தது, டீ போட அடுப்புப் பக்கம் போனார். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, திரும்பக் கூப்பிட்டு 'இல்லைங்க, தப்பு என்னுது' என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. இவ்வளவு தூரம் வந்ததே போதும், அவரே சமாதானம் ஆகிவிட்டார், இனி எதற்கு என்று உள்ளே ஒரு குரல் எனக்கு வக்காலத்து வாங்கியது. அந்த நேரத்தில் என்னை நான் வெறுத்த அளவுக்கு யாரையும் வெறுத்ததில்லை.

குழந்தை கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்தது. உள்ளே சார்ட்டுகள், மடிப்புக் கலையாமல். பாயில் என் முன்னால் விரித்தது. முதலில் மூன்றாம் மாதத்தைக் காட்டியது. எல்லாம் ஸ்டார். "சூப்பர் கண்ணு" என்றேன். பிறகு முதல் மாதத்தை எடுத்து, காலிக் கட்டங்களின் மேல் விரலை வைத்து ஒவ்வொன்றாக நகர்த்தியது.

"இதெல்லாம் நான் வேணும்னு பண்ணல ஆண்ட்டி" என்றது. அழவில்லை. பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் விட்டுப்போனதற்குக் காரணம் சொல்கிற குரல்.

நான் நாற்காலியை விட்டு இறங்கிப் பாயில் அதன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது, பக்கத்து வீட்டு டிவி அன்றைக்கும் கத்திக்கொண்டிருந்தது. அம்மாவின் முதுகுதான் தெரிந்தது. அவர் காதில் விழாதபடி, குழந்தைக்கு மட்டும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அதையும் ஒளித்துத்தான் செய்ய நினைத்தேன். குனிந்து, தணிந்த குரலில், "தப்பு உன்னோடது இல்ல கண்ணு. அம்மாவோடதும் இல்ல. ஆண்ட்டிதான் தப்பு பண்ணிட்டேன்" என்றேன்.

குழந்தை என் வாயைப் பார்த்தது. நான் தலை குனிந்திருந்ததால் வாயும் அதற்குத் தெரிந்திருக்காது. பிறகு முகத்தை மெல்லத் திருப்பி, சிவப்புக்கல் கம்மலோடு வலது காதை என்னிடம் நீட்டியது. அப்போதுதான் தெரிந்தது, நான் அதன் இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

"கேக்கல ஆண்ட்டி. சத்தமா சொல்லுங்க."

அம்மா அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். நான் சத்தமாகச் சொன்னேன்.